மலைச் சைக்கிளின் அதிர்ச்சி தாங்கிகள்: புதிய அமைப்புகள் நீடித்து உழைக்குமா?

இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் வழியைப் பாதை என்பதினும் கற்படுக்கை என்பதே பொருந்தும். ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வழியைக் கடக்க ஜீப் வண்டிக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆகிறது. தேயிலைத் தோட்டங்களினூடே தொடங்கி, தலையளவும் முழங்காலளவும் உள்ள பாறைத் துண்டுகளின்மீது ஏறி, தமிழ்நாட்டுத் தேனி மாவட்டத்தின் எல்லைக்குள் அது முடிவடைகிறது. இவ்வழியில் நாள்தோறும் ஓடும் ஜீப்புகளின் அடியில் குனிந்து பார்ப்பவர், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டப்பட்ட வளைந்த எஃகுப் பட்டைகளைக் காண்பார். குதிரை வண்டிக் காலத்திலிருந்து வழங்கி வரும் பட்டை வில் என்னும் அமைப்பு அது.

மோட்டார் உற்பத்தியில் பல புதிய முறைகள் வந்தபின்னும் இப்பழைய அமைப்பு இம்மலையில் நிலைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதால் வண்டியின் துள்ளல் ஓரளவு தானே அடங்குகிறது. ஒரு பட்டை முறிந்தாலும் மற்றவை சுமையைத் தாங்குகின்றன. வண்டி ஒரு பக்கம் சாய்வதைக் கண்டு ஓட்டுநர் பழுதை உணர்ந்து, ஊர் சேர்ந்து, முறிந்த பட்டையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கழித்துப் போட்ட பட்டையும் வீணாவதில்லை. அரிவாள் அடிக்கும் கொல்லர்கள் அவ்வெஃகை விரும்பி வாங்குவர். ஆகவே, இவ்வமைப்பின் சிறப்பு அது பழுதாகாமல் இருப்பதில் இல்லை. பழுதாகும்போது முன்னறிவிப்புக் கொடுத்துப் பழுதாவதில்தான் உள்ளது. இக்கட்டுரையின் பொருளுக்கு இக்கருத்து இன்றியமையாதது.

நிற்க. அண்மை ஆண்டுகளில் மலைச்சரிவுகளில் வேகமாக இறங்குவதற்கென்றே அமைக்கப்பட்ட சைக்கிள்கள் நம் நாட்டிலும் பரவி வருகின்றன. மூணாறு வட்டாரத்தில் மலைச் சைக்கிள் பிரயாணம் சுற்றுலாவின் ஒரு பகுதியாகிவிட்டது. 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டிகள் கேரளத்தின் பொன்முடியிலேயே நடைபெற்றன. இச்சைக்கிள்களின் பின் சக்கரத்தைத் தாங்கும் அமைப்பில் ஆண்டுக்கு ஆண்டு புதிய வடிவங்கள் தோன்றுகின்றன. அவை அதிர்ச்சியை முன்னைவிட நன்கு தாங்குகின்றன என்பதில் ஐயமில்லை. எத்தனை நாள் தாங்கும் என்பதே ஓட்டுவோரும் பழுது பார்ப்போரும் எழுப்பும் கேள்வி. மாணவர்களும் களப்பணியாளர்களும் வாங்கும் சாதாரண விலைச் சைக்கிள்களிலும் ‘ஷாக்கர்’ என்ற பெயரில் இவ்வமைப்பின் எளிய நகல்கள் வந்துவிட்டமையால், இக்கேள்வி பந்தயக்காரர்களுக்கு மட்டும் உரியதன்று.

அதிர்ச்சி தாங்கும் அமைப்பை ஆங்கிலத்தில் ‘சஸ்பென்ஷன்’ என்கின்றனர். தொங்கவிடுதல் என்பது அதன் நேர்ப்பொருள். பண்டைக் கோச்சு வண்டிகளில் பிரயாணிகள் அமரும் கூட்டைத் தோல்வார்களில் தொங்கவிட்டிருந்தமையால் இப்பெயர் நிலைத்தது. இன்று எதுவும் தொங்குவதில்லை எனினும் பெயர் மாறவில்லை. மொழிபெயர்ப்போருக்கு இது ஒரு சங்கடம். ஆதலின் ‘அதிர்ச்சி தாங்கி’ என்ற சொல்லையே ஈண்டு ஆள்கிறோம்.

இவ்வமைப்பில் இரு தொழில்கள் உள்ளன. வில், சக்கரம் மேலெழும்போது அமுங்கி, அதிர்ச்சியின் சக்தியைத் தன்னுள் சேமிக்கிறது. ஆனால் சேமித்ததை அது திருப்பியும் கொடுத்துவிடும்; வில் மட்டும் இருந்தால் வண்டி துள்ளிக்கொண்டே இருக்கும். ஆகவே, எண்ணெய் நிரம்பிய ஓர் உருளைக்குள் சிறு துளைகளையுடைய உந்து தண்டு ஒன்றை அமைத்து, துள்ளலின் சக்தியை வெப்பமாக மாற்றிவிடுகின்றனர். இதனைத் தணிப்பான் எனலாம். ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதில் விளக்கலாம். ஒரு ரப்பர் கயிற்றில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, இழுத்து விட்டால் அது நெடுநேரம் மேலும் கீழும் ஆடும். அதே கல் ஒரு வாளி நீருக்குள் மூழ்கியிருக்கும்படி தொங்கவிட்டு இழுத்து விட்டால் சில ஆட்டங்களிலேயே அடங்கிவிடும். ரப்பர் வில்லின் வேலையையும், நீர் தணிப்பானின் வேலையையும் செய்கின்றன.

எவ்வளவு பெரிய வேலை இது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 100 கிலோகிராம் என்று கொள்வோம். ஒரு மீட்டர் உயரமுள்ள பாறையிலிருந்து வண்டி கீழே குதிக்கிறது. டயர் நசுங்கும் 2 சென்டிமீட்டருக்குள் அது நிற்க வேண்டுமானால், சராசரி விசை எடையைப்போல் சுமார் 50 மடங்காகும். (உண்மையில் முழங்காலையும் முழங்கையையும் மடக்கி ஓட்டுபவர் இதில் பெரும் பங்கைத் தாமே ஏற்கிறார்.) சக்கரம் 20 சென்டிமீட்டர் மேலெழும்படி அமைத்தால் அதே விசை 6 மடங்காகக் குறைகிறது. சரிவுப் பந்தயச் சைக்கிள்களில் சக்கரம் எழும் அளவு ஏறத்தாழ இந்த 20 சென்டிமீட்டரே. ஆனால் சட்டத்தினுள் பொருத்தப்படும் தாங்கியின் தண்டு அத்தனை தூரம் நகர்வதில்லை. பெரும்பாலும் 7 அல்லது 8 சென்டிமீட்டரே நகர்கிறது. நெம்புகோல் விதிப்படி, தூரம் குறைந்த அளவுக்கு விசை பெருகும். சக்கரத்தில் 6,000 நியூட்டனாக இருந்த விசை, தாங்கியில் 16,000 நியூட்டன் அளவுக்கு உயர்கிறது. அந்த விசை முழுவதும் கட்டைவிரல் பருமனுள்ள ஊசிகளின் வழியாகவும், சுண்டுவிரல் நகமளவு அகலமுள்ள பேரிங்குகளின் வழியாகவும் செல்ல வேண்டும். சந்தேகத்தின் வேர் இங்கேதான் உள்ளது.

மலைச் சைக்கிளுக்கு இவ்வமைப்பு வந்து நெடுங்காலம் ஆகவில்லை. 1989-இல் அமெரிக்கரான பால் டர்னர் என்பவர் ‘ராக்‌ஷாக்ஸ்’ என்ற பெயரில் முன்சக்கரத்துக்கான ஃபோர்க்கை விற்பனைக்குக் கொணர்ந்தார். அடுத்த ஆண்டில் அமெரிக்காவின் துராங்கோ நகரில் நடந்த முதல் உலக மலைச் சைக்கிள் போட்டியில் சரிவுப் பந்தயத்தை வென்ற கிரெக் ஹெர்போல்டு அந்த ஃபோர்க்கைப் பயன்படுத்தியிருந்தார். பின்சக்கரத்தின் கதை அவ்வளவு எளிதாக அமையவில்லை. மிதிக்கும் விசையும் பிரேக்கின் விசையும் பின்சக்கரத்தின் வழியாகவே செல்வதால், அவை தாங்கியின் இயக்கத்தைக் கெடுக்கும். இதனைத் தவிர்க்கப் பொறியியலாளர்கள் ஒரு மூட்டுக்குப் பதில் பல மூட்டுகளை அமைக்கலாயினர்.

முதலில் ஒற்றை மூட்டு. அதாவது கதவு தன் கீலில் ஆடுவது போல், பின் சட்டம் ஒரே அச்சில் ஆடும். அதன் பின்னர் 1990-களில் ஆஸ்திரியாவில் பிறந்த ஹார்ஸ்ட் லைட்னர் என்பவரின் பெயரால் வழங்கும் நான்கு தண்டு அமைப்புப் பரவிற்று. சக்கரத்தின் அச்சுக்கு முன்னால் ஒரு மூட்டை வைத்து, பிரேக் பிடித்தாலும் தாங்கி இறுகாமல் இயங்கும்படி அவர் செய்தார். இப்பொழுது ஆறு தண்டுகளைக் கொண்ட அமைப்புகள் பந்தயக் களத்தில் தோன்றியுள்ளன. தண்டுகள் பெருகப் பெருக, சக்கரம் செல்லும் பாதையையும், தாங்கி எந்த இடத்தில் மெதுவாக, எந்த இடத்தில் கடினமாக இருக்க வேண்டும் என்பதையும் அமைப்பவர் தம் விருப்பப்படி வகுக்க முடிகிறது. ஆனால் ஒவ்வொரு மூட்டுக்கும் இரு பக்கமும் பேரிங்கு வேண்டும். ஒற்றை மூட்டில் இரண்டு பேரிங்குகள் போதும் என்றால், நான்கு மூட்டுகளில் எட்டும், ஆறு மூட்டுகளில் பன்னிரண்டும் ஆகின்றன. ஒவ்வொன்றிலும் மயிரிழை அளவு ஆட்டம் ஏற்பட்டாலும், அவையெல்லாம் கூடிப் பின்சக்கரத்தில் கையால் உணரக்கூடிய ஆட்டமாக வெளிப்படும்.

மற்றொரு புதுமை ‘உயர் மூட்டு’ எனப்படுவது. முக்கிய மூட்டைச் சங்கிலிப் பல்சக்கரத்திற்கு வெகு மேலே வைத்துவிட்டால், கல்லில் மோதும் சக்கரம் நேர் மேலே எழாமல் சற்றுப் பின்வாங்கி எழுகிறது. மோதலின் கடுமை குறைகிறது. அண்டோரா நாட்டுக் கமென்சல் நிறுவனத்தின் இத்தகைய வண்டியில் 2018-ஆம் ஆண்டின் உலகக் கோப்பைத் தொடரை அமோரி பியரோன் வென்றபின், பல நிறுவனங்களும் இவ்வழியைப் பின்பற்றின. ஆனால் சக்கரம் பின்வாங்கும்போது சங்கிலி இழுபடும் அல்லவா? அதனைத் தவிர்க்கச் சங்கிலியின் மேற்புறத்தை மூட்டினருகே ஒரு சிறு கப்பிச் சக்கரத்தின் மீது ஏற்றி விடுகின்றனர். மிதிப்பவரின் விசை முழுவதும் செல்லும் பக்கம் அது. மிதியில் 1,200 நியூட்டன் விசை கொடுத்தால் சங்கிலியின் இழுவிசை அதனைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு இருக்கும். அந்த இழுவிசையோடு மண்ணும் நீரும் கலந்த சங்கிலி, பற்கள் குறைந்த ஒரு சிறு சக்கரத்தின்மேல் இடைவிடாது ஓடுகிறது. தேய்மானம் எங்கே முதலில் தோன்றும் என்று சொல்ல நிபுணர் வேண்டுவதில்லை.

பேரிங்கின் நிலையைச் சற்று விரிவாகக் கூறுதல் வேண்டும். பேரிங்கு என்பது சுற்றுவதற்காகச் செய்யப்பட்ட பொருள். சக்கரத்தின் நடுவில் இருக்கும்போது அதன் குண்டுகள் உருண்டுகொண்டே கிரீஸை எங்கும் பரப்பி, தேய்மானத்தை வட்டம் முழுவதும் பங்கிட்டுக்கொள்கின்றன. தாங்கியின் மூட்டில் உள்ள பேரிங்கு ஒருபோதும் முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை. சில மூட்டுகளில் 30 பாகைக்கும் குறைவாகவே அது முன்னும் பின்னும் அசைகிறது. ஆகவே அதே குண்டு அதே இடத்தை ஆயிரக்கணக்கான தடவை அடிக்கிறது. அவ்விடத்திலிருந்த கிரீஸ் விலகிவிடுகிறது. வளையத்தில் குண்டு அமரும் குழிகள் தோன்றுகின்றன. அதன்பின் மூட்டு வழுவழுப்பாக அசையாமல், படிப்படியாகக் ‘கடக் கடக்’ என்று நகரும். உரலில் ஒரே இடத்தில் உலக்கை விழுவதைப் போன்ற இந்நிலையைப் பேரிங்கு உற்பத்தியாளர்கள் நன்கறிவர். இக்காரணத்தால் சில வண்டிகளில் பேரிங்கை விடுத்து வெண்கலம் முதலியவற்றாலான புஷ்களை வைக்கின்றனர்; அவை இத்தகைய அசைவுக்கு ஏற்றவை, எனினும் அடிக்கடி கிரீஸ் கேட்பவை.

அடுத்தது உலோகத்தின் சோர்வு. ஒரே அடியில் முறியாத பொருள், சிறு சிறு அடிகளை இலட்சக்கணக்கில் வாங்கியபின் முறிவதுண்டு. 1842-இல் பிரான்சில் வெர்சாய் நகரருகே ரயில் எஞ்சினின் அச்சு முறிந்து ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டபோது இவ்விஷயம் உலகின் கவனத்துக்கு வந்தது. பின்னர் ஜெர்மானியரான அகஸ்ட் வோலர் ரயில் அச்சுகளை நெடுங்காலம் பரிசோதித்து, விசையின் அளவுக்கும் முறியும்வரை தாங்கும் தடவைகளுக்கும் உள்ள தொடர்பை வகுத்தார். எஃகுக்கு ஓர் எல்லை உண்டு. அதற்குக் குறைவான விசையை அது எத்தனை தடவை வாங்கினும் முறிவதில்லை எனலாம். அலுமினியக் கலவைகளுக்கு அத்தகைய தெளிவான எல்லை இல்லை. தடவைகள் போதிய அளவு பெருகினால் சிறு விசையும் என்றேனும் பிளவை உண்டாக்கும். மலைச் சைக்கிளின் தண்டுகளும் சட்டமும் பெரும்பாலும் அலுமினியக் கலவையாலோ கரிநாராலோ ஆனவை. கரிநார் சோர்வைப் பெரிதும் தாங்கும். ஆனால் கூரிய கல் தாக்கிய காயம் அதனுள்ளே மறைந்திருந்து, வெளியே வண்ணப்பூச்சில் ஒரு கீறலாக மட்டும் தெரியலாம். ஜீப்பின் பட்டையைப்போல் முன்னறிவிப்புக் கொடுக்கும் குணம் இவ்விரண்டிலும் குறைவு.

சூரியநெல்லிப் பாதையைப் போன்ற ஒரு வழியில் இரண்டு மீட்டருக்கு ஒரு கல் என்று வைத்துக்கொண்டாலும், 12 கிலோமீட்டர் இறங்குவதற்குள் சக்கரம் 6,000 தடவை மோதுகிறது. சைக்கிளின் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரமாகிய ஐ.எஸ்.ஓ. 4210, மலைச் சைக்கிளின் சட்டத்தை முன்புறம் 1,200 நியூட்டனும் பின்புறம் 600 நியூட்டனுமாக 50,000 தடவை இழுத்துத் தள்ளிப் பரிசோதிக்கிறது. ஆறாயிரத்தை எட்டால் பெருக்கினாலே ஏறத்தாழ ஐம்பதாயிரம் ஆகிவிடும். இதிலிருந்து ஒன்பதாவது பிரயாணத்தில் சட்டம் முறிந்துவிடும் என்று அவசரப்பட்டு முடிவுகட்டலாகாது. மோதல்களில் பெரும்பாலானவை அந்த அளவுக்கு வெகு கீழானவை. வோலரின் தொடர்பின்படி, விசை பாதியானால் தாங்கும் தடவைகள் இரண்டு மடங்கன்று, பற்பல மடங்கு கூடும். ஆகவே எண்ணிக்கையைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை.

அஞ்ச வேண்டியது வேறொன்று. இப்பரிசோதனையில் தாங்கி உள்ள சட்டத்தைப் பூட்டும்போது, அதன் அசையும் பகுதி அசையாதபடி இறுக்கப்படுகிறது. அல்லது தாங்கியை எடுத்துவிட்டு அவ்விடத்தில் ஒரு திடமான தண்டு வைக்கப்படுகிறது. பிளவு எங்கே தோன்றும் என்று அறிய அது சரியான முறையே. ஆனால் சேற்றில் தோய்ந்த மூட்டு மழைக்காலம் முழுவதும் அசைந்தபின் என்னாகும் என்ற கேள்விக்கு அப்பரிசோதனை விடை கூறுவதற்கில்லை. தரச் சான்றிதழ் பெற்ற வண்டி என்று கேள்விப்பட்டவுடன் அதன் மூட்டுகளும் நீடித்து உழைக்கும் என எண்ணுவது பொருந்தாது.

பந்தயத்தில் வென்ற வண்டி என்ற புகழும் அவ்வாறே. சரிவுப் பந்தயம் ஒன்று சில நிமிஷங்களில் முடிந்துவிடுகிறது. அன்று மாலையே தொழிலாளர் ஒருவர் வண்டியைப் பிரித்து, பேரிங்குகளை மாற்றி, புதுச் சங்கிலி பூட்டிவிடுவார். வெற்றிக்கு வேண்டுவது வேகம், ஆயுள் அன்று. ஜப்பானிய ஹோண்டா நிறுவனம் 2000-களில் ஒரு சரிவுச் சைக்கிளைச் செய்து, கியர்களையெல்லாம் மண் புகாத ஒரு பெட்டிக்குள் அடைத்தது; கிரெக் மின்னார் அதில் ஓட்டி 2005-இல் உலகக் கோப்பைத் தொடரை வென்றார். அவ்வண்டியைப் பொதுமக்களுக்கு அந்நிறுவனம் விற்கவேயில்லை. எனவே, அது சாதாரண மனிதர் கையில் ஐந்து வருஷம் எவ்வாறு இருந்திருக்கும் என்பது சோதிக்கப்படாமலே போயிற்று. இது இரங்கத்தக்கது, ஏனெனில் சேற்று நாட்டுக்கு ஏற்ற கருத்து அதிலேதான் இருந்தது என்பது எம் அபிப்பிராயம்.

தணிப்பானின் எண்ணெயைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். 100 கிலோகிராம் பாரம் 500 மீட்டர் உயரம் இறங்கினால் விடுபடும் சக்தி, அறை வெப்பத்திலுள்ள ஒன்றரை லிட்டர் நீரை ஏறத்தாழக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. இதில் பெரும்பங்கு பிரேக்குகளுக்கும் டயர்களுக்கும் காற்றுக்கும் செல்கிறது. எஞ்சிய சிறு பங்கு, ஒரு தம்ளர் அளவுகூட இல்லாத எண்ணெயைச் சூடாக்குகிறது. சூடான எண்ணெய் இளகி, துளைகளில் தடையின்றி ஓடும், தணிப்பு குறையும். இறங்குதலின் முடிவில் வண்டி கூடுதலாகத் துள்ளுவதற்கு இது ஒரு காரணம். மண் துகள் சீலைக் கீறிவிட்டால் எண்ணெய் கசியும், காற்றும் புகும். இவற்றைத் தடுக்க உற்பத்தியாளர்களே கால அளவு விதித்துள்ளனர். ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறையும், உள்ளுறுப்புகளை 200 மணி நேரத்துக்கு ஒருமுறையும் பிரித்துத் துப்புரவு செய்யவேண்டும் என்பது பரவலாகக் காணும் விதி. தினம் ஒரு மணி நேரம் சைக்கிளில் சுற்றும் களப்பணியாளர் ஒருவருக்கு 50 மணி நேரம் என்பது இரண்டு மாதத்திற்கும் குறைவு. அதற்குரிய சீலும் எண்ணெயும் கருவியும் சின்னக்கானலிலோ போடிநாயக்கனூரிலோ உள்ள சைக்கிள் கடையில் கிடைக்குமா என்பதே வாங்குமுன் கேட்க வேண்டிய முதற் கேள்வி.

இனி, குறைந்த விலைச் சைக்கிள்கள். இவற்றின் பின்புறத்தில் பளபளப்பான சுருள் வில் ஒன்று இருக்கும். மாணவர்களின் கண்ணைக் கவர்வது அதுவே. பலவற்றில் அச்சுருளின் நடுவே தணிப்பான் இல்லை. வெறும் தண்டுதான் உள்ளது. முன் சொன்ன பரிசோதனையில் நீரில்லாத கல்லின் நிலை அது. மிதிக்கும்போதெல்லாம் வண்டி அமுங்கி எழுவதால் மாணவனின் உழைப்பில் ஒரு பங்கு வீணாகிறது. மூட்டில் பிளாஸ்டிக் புஷ் இருப்பின் அது விரைவில் தேய்ந்து பின்சக்கரம் ஆடத் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் பள்ளி மாணவர்களுக்கு அரசு வழங்கும் சைக்கிள்களில் இத்தகைய தாங்கி இல்லாதது குறையன்று. நாள்தோறும் பள்ளிக்குச் சென்று வரும் வண்டிக்கு, காற்றுச் சரியாக நிரப்பிய டயரே போதிய அதிர்ச்சி தாங்கி. 1888-இல் டன்லப் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்று டயரை அமைத்ததும் இந்நோக்கத்திற்கே.

தாங்கி உள்ள சைக்கிளை ஏற்கனவே வைத்திருப்போர் சில எளிய சோதனைகளைத் தாமே செய்யலாம். வண்டியை நேரே நிறுத்தி, இருக்கையைப் பிடித்து மெல்ல மேலே தூக்குக. சக்கரம் நிலத்தை விட்டு எழுமுன் ‘டக்’ என்ற சிறு தளர்ச்சி கையில் பட்டால் ஏதோ ஒரு மூட்டில் ஆட்டம் உண்டு. எந்த மூட்டு என்றறிய, மற்றொருவர் இருக்கையைத் தூக்கி இறக்கும்போது ஒவ்வொரு மூட்டின்மேலும் விரலை வைத்துப் பார்க்கவும். ஆட்டமுள்ள இடத்தில் விரலுக்கு அது தெரியும். பின்னர்த் தாங்கியைக் கழற்றிவிட்டு, பின் சட்டத்தைக் கையால் மேலும் கீழும் அசைத்தால், நல்ல பேரிங்கு எண்ணெயில் ஓடுவதுபோல் ஓடும். குழி விழுந்தது தடங்கித் தடங்கிச் செல்லும். பளபளப்பான தண்டில் நகம் மாட்டும் கீறல் இருந்தால் சீல் நீடிக்காது. பற்றவைப்புகளின் ஓரத்தில் மயிரிழை போன்ற கோடு தென்பட்டால், அழுக்கா பிளவா என்று துடைத்துப் பார்க்கவும். துடைத்தும் மறையாவிடில் அவ்வண்டியில் சரிவு இறங்கலாகாது.

சேற்றைக் கழுவும் முறையிலும் கவனம் வேண்டும. ஜீப்புகளைக் கழுவும் அழுத்தக் குழாயை மூட்டுக்கு நேரே பிடித்தால், நீர் சீலைத் தள்ளி உட்புகுந்து கிரீஸை வெளியேற்றிவிடும். வெளியே பளிச்சென்றிருக்கும் வண்டியின் பேரிங்கு உள்ளே துருப்பிடித்துக்கொண்டிருக்கும். வாளித் தண்ணீரும் துணியும் கொண்டு கழுவி, தலைகீழாக நிறுத்தி நீர் வடியவிட்டு, காய்ந்தபின் சங்கிலிக்கு எண்ணெயிடுக. சூரியநெல்லி போன்ற மலையூர்களில் தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் ஒருமுறையும், ஓய்ந்தபின் ஒருமுறையும் எல்லா மூட்டுகளையும் பிரித்துக் கிரீஸ் வைப்பது நலம். இரண்டாவது தடவை பிரிக்கும்போது ஒவ்வொரு பேரிங்கிலும் என்ன கண்டோம் என்பதைத் தேதியிட்டு ஒரு நோட்டில் குறித்து வைப்பின், அடுத்த ஆண்டில் எதனை முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும் என்பது அக்குறிப்பிலிருந்தே தெரிந்துவிடும்.